ஒரு புள்ளி படத்தில் என்னவாகிறது? பிரிதிறனைப் புரிந்துகொள்ள ஒரு வழி

கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவராக இருந்தால், இன்று இரவு மொட்டை மாடிக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொலைவில் எரியும் ஒரு தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கு சிறு ஒளிப்பொட்டாகத் தெரியாது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல ஒரு வட்டமாக விரிந்து தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள் மெல்லிய கோடுகளும் கரும்புள்ளிகளும் தென்படும். ஒருமுறை இமைத்தால் அவற்றில் சில இடம் மாறும். அவை கண்ணீர்ப் படலத்தின் சுவடுகள். விரலைக் கண்ணுக்கு மிக அருகில் மெதுவாக நகர்த்தினால், வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு நிழல் உள்ளே நுழையும்.

இனி அடுத்த விளக்கைப் பாருங்கள். அதே அளவு வட்டம், அதே இடங்களில் அதே கோடுகள். தெருக்கோடியில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பின்விளக்கைப் பாருங்கள். நிறம் மட்டும் சிவப்பு, வடிவம் அதேதான். விளக்கு எதுவானாலும் உங்கள் கண் ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டே போகிறது.

அந்த முத்திரைக்குத்தான் புள்ளிப் பரவல் சார்பு என்று பெயர். ஒளியைக் கொண்டு படம் எடுக்கும் எந்தக் கருவியாக இருந்தாலும், ஒரே ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை அது படத்தில் எப்படிப் பரப்பி வைக்கிறது என்பதைச் சொல்வது இது. பெயர் நீளமானது என்பதால் இந்தக் கட்டுரையில் இனி ‘பரவல்’ என்றே சொல்கிறேன்.

கேமரா விளம்பரங்களும் நண்பர்களின் பேச்சும் பிரிதிறனை மெகாபிக்சல் கணக்காகவே சுருக்கிவிட்டன. நுண்ணோக்கி வாங்குபவர் ‘எத்தனை மடங்கு பெரிதாக்கும்’ என்று கேட்கிறார். தொலைநோக்கி வாங்குபவரும் அதையே கேட்கிறார். மூவரும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு புள்ளி இதில் எவ்வளவு பரவும்?

## ஈரத் தரையில் கோலப் புள்ளி

வாசலில் கரைத்த அரிசிமாவால் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தரை காய்ந்திருந்தால் புள்ளி வைத்த இடத்தில் நிற்கும். ஈரமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் ஊறி விரியும். புள்ளிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தால் கவலையில்லை. ஊறினாலும் தனித்தனியாகவே தெரியும். நெருக்கமாக வைத்திருந்தால் இரண்டு புள்ளிகள் சேர்ந்து ஒரு திட்டாகிவிடும். அப்புறம் எத்தனை புள்ளி வைத்தோம் என்பதை வைத்தவரே மறந்துவிட்டால் சொல்ல முடியாது.

படமும் இப்படித்தான் உருவாகிறது. எதிரே இருக்கும் காட்சி எண்ணற்ற ஒளிப்புள்ளிகளால் ஆனது. கருவி அவை ஒவ்வொன்றின் இடத்திலும் தன் முத்திரையைக் குத்துகிறது. பிரகாசமான புள்ளிக்கு அழுத்தமான முத்திரை, மங்கலான புள்ளிக்கு லேசான முத்திரை. ஒன்றின் மேல் ஒன்று விழுந்த எல்லா முத்திரைகளின் கூட்டுத்தொகைதான் நம் கையில் கிடைக்கும் படம். இப்படி ஒவ்வொரு புள்ளியையும் ஒரே வடிவத்தால் பரப்பிக் கூட்டும் செயலைக் கணிதத்தில் கன்வல்யூஷன் என்கிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். முத்திரை குத்திக் கூட்டுவதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பிரிதிறன் என்பது அருகருகே உள்ள இரண்டு விவரங்களைத் தனித்தனியாகக் காட்டும் திறன். முத்திரை சிறிதாக இருந்தால் பிரிதிறன் அதிகம். பெரிதாக இருந்தால் குறைவு. அகலத்தோடு அதன் வடிவமும் முக்கியம். அந்த வடிவம் என்ன பாடு படுத்தும் என்பதைப் பிறகு ஒரு தொலைநோக்கியின் கதையில் பார்ப்போம்.

## ஒளி ஏன் பரவுகிறது?

கண்ணாடியைக் கழற்றியபோது கண்ட பரவல், குவியம் சரியில்லாததால் வந்தது. கண்ணாடியைத் திரும்பப் போட்டால் பெருமளவு மறைந்துவிடும். அப்படியானால் குறையே இல்லாத லென்ஸ் ஒன்றைச் செய்தால் புள்ளியைப் புள்ளியாகவே படம் பிடிக்கலாம் அல்லவா?

முடியாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒளி ஓர் அலை. குளத்தில் இரண்டு பாறைகளுக்கு இடையிலான சந்து வழியாக ஓர் அலை நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். நுழைந்ததும் அது நேர்க்கோட்டில் போவதில்லை. வில் போல வளைந்து விரிகிறது. சந்து எவ்வளவு குறுகலோ, அவ்வளவு விரிவு. துளையோ விளிம்போ குறுக்கிடும்போது அலை இப்படி விரிவதை விளிம்பு விளைவு என்கிறோம்.

ஒளியிலும் இதை வெறும் கண்ணால் பார்க்கலாம். கறுப்புக் குடையை விரித்து, அதன் துணி வழியாகத் தொலைவிலுள்ள ஒரு விளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு இருந்த இடத்தில் சிலுவை போல நான்கு பக்கமும் வரிசையாகப் பல சிறு விளக்குகள் தெரியும். வெள்ளை விளக்காக இருந்தால் நடுவிலிருந்து தள்ளிப்போகப்போக அவற்றின் ஓரங்களில் வானவில் நிறங்கள். துணியின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் செய்யும் வேலை அது. குடையைச் சுழற்றினால் சிலுவையும் கூடவே சுழலும்.

லென்ஸும் ஒரு துளைதான், அளவில் பெரிய துளை. அதனால் அதன் வழியே வரும் ஒளியும் சிறிதளவாவது விரிந்தே தீரும். குறையற்ற வட்ட லென்ஸ் ஒரு நட்சத்திரத்தைப் படம்பிடித்தால், நடுவில் ஒரு பிரகாசமான வட்டும் அதைச் சுற்றி மங்கிக்கொண்டே போகும் வளையங்களும் கிடைக்கும். இந்த வடிவத்தை 1835-ல் கணக்கிட்டுக் காட்டியவர் இங்கிலாந்து வானியலாளர் ஜார்ஜ் எய்ரி. அதனால் அந்த நடுவட்டுக்கு எய்ரி வட்டு என்று பெயர். மொத்த ஒளியில் சுமார் 84 சதவீதம் அந்த வட்டுக்குள் இருக்கும். மீதி வளையங்களுக்குப் போய்விடும்.

வட்டின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒளியின் அலைநீளம், துளையின் விட்டம். அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து 1.22 ஆல் பெருக்கினால், வட்டின் நடுவிலிருந்து முதல் இருண்ட வளையம் வரையுள்ள கோணம் ரேடியனில் கிடைக்கும். துளை பெரிதானால் வட்டு சிறுக்கும். அலைநீளம் கூடினால் வட்டு பெருக்கும். சூத்திரத்தில் பிக்சலும் இல்லை, உருப்பெருக்கமும் இல்லை.

வானியலில் கோணத்தை விகலையில் அளப்பார்கள். ஒரு பாகையில் 3600 விகலைகள். 3 மில்லிமீட்டர் விரிந்த கண்மணிக்குப் பச்சை ஒளியில் இந்தக் கணக்கு சுமார் 46 விகலை தருகிறது. லென்ஸுக்குப் பதில் 2.4 மீட்டர் ஆடியால் ஒளியைத் திரட்டும் ஹபிள் தொலைநோக்கிக்குச் சுமார் 0.06 விகலை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். எந்தக் கருவியும் புள்ளியைப் பரப்பித்தான் காட்டும். அந்தப் பரவலில் ஒரு பகுதி லென்ஸின் குறைகளால் வருவது, அதைத் திருத்தலாம். மற்றொரு பகுதி ஒளியின் அலைத்தன்மையால் வருவது. அதைக் குறைக்கப் பெரிய துளை வேண்டும், அல்லது குறுகிய அலைநீளம் வேண்டும்.

## இரண்டு புள்ளிகள் எப்போது ஒன்றாகின்றன?

நேரான நெடுஞ்சாலையில் இரவில் எதிரே வெகுதூரத்தில் வரும் காரின் முகப்பு விளக்குகள் முதலில் ஒற்றை விளக்காகத் தெரியும். கார் நெருங்க நெருங்க, ஒரு கட்டத்தில் அது இரண்டாகப் பிரியும். நல்ல கண் 60 விகலை அளவுக்குப் பிரித்துப் பார்க்கும். விளக்குகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் அவை பிரிய வேண்டும். உண்மைச் சாலையில் விளக்கின் கூச்சமும் தூசியும் சேர்ந்து இந்தத் தூரத்தை வெகுவாகக் குறைத்துவிடும்.

எங்கே கோடு கிழிப்பது? பிரிட்டன் இயற்பியலாளர் ராலே 1879-ல் ஒரு நடைமுறை வரையறை தந்தார். ஒரு புள்ளியின் எய்ரி வட்டின் நடுப்பகுதி, அடுத்த புள்ளியின் முதல் இருண்ட வளையத்தின் மேல் விழும் அளவுக்கு இடைவெளி இருந்தால், இரண்டும் பிரிந்தன என்று கொள்ளலாம். அப்போது இரண்டு உச்சிகளுக்கும் நடுவே வெளிச்சம் உச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்காக இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தைக் கண் அடையாளம் கண்டுகொள்ளும்.

இதை இயற்கையின் சுவர் என்று எழுதுவோர் உண்டு, அது தவறு. ராலே சொன்னது வசதியான ஓர் ஒப்பந்தம். படத்தில் இரைச்சல் மிகக் குறைவாக இருந்தால், இதைவிட ஆழம் குறைந்த பள்ளத்தையும் கருவி கண்டுபிடிக்கும். இரைச்சல் என்று இங்கே நான் சொல்வது, வெளிச்ச அளவீட்டில் தாறுமாறாக ஏறி இறங்கும் பிழையை. அது மிகுந்தால் ராலே சொன்ன பள்ளமும் புள்ளிபுள்ளியான கரகரப்பில் காணாமல் போகும்.

## மெகாபிக்சல் கணக்கு

இப்போது கைபேசிக்கு வருவோம். 200 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் பொதுவாக 0.6 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். லென்ஸின் துளை எண் (குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த எண்; துளை சுருங்கினால் எண் கூடும்) 1.8 என்று கொண்டால், பச்சை ஒளியின் எய்ரி வட்டு, ஒளியைப் பதிவுசெய்யும் உணரியின் மேல் சுமார் 2.4 மைக்ரோமீட்டர் விட்டத்துக்கு விழும். லென்ஸ் குறையே இல்லாதது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அப்போதுகூட ஒரே ஒரு புள்ளியின் ஒளி பத்துப் பன்னிரண்டு பிக்சல்களின் மேல் பரவி நிற்கிறது.

பிக்சலை இன்னும் பொடியாக நறுக்கினால், அதே திட்டைக் கூடுதல் கட்டங்களாக வெட்டிப் பார்க்கிறோம், திட்டு சுருங்குவதில்லை. உருப்பெருக்கத்துக்கும் இதே கதி. இங்க் ஊறிய எழுத்தை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தால் பெரிய ஊறலாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிக்சலுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பரவலைவிடப் பிக்சல் பெரிதாக இருந்தால், லென்ஸ் பிரித்துக் கொடுத்த விவரத்தை உணரி கோட்டைவிட்டுவிடும். பரவலின் அகலத்துக்குள் இரண்டு மூன்று பிக்சல்களாவது வர வேண்டும் என்பது நடைமுறை விதி. அதற்கு மேல் கூட்டுவதால் கிடைக்கும் விவரம் வேகமாகக் குறைந்துகொண்டே போகும்.

புகைப்படக்காரர்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். லென்ஸின் துளையை ஓரளவு சுருக்கும்போது படம் கூர்மையாகும்; லென்ஸ் ஓரங்களின் குறைகள் வடிகட்டப்படுவதே காரணம். 16, 22 என்று மேலும் சுருக்கினால் படம் முழுவதும் மெல்ல மழுங்கும். துளை எண் 16-ல் எய்ரி வட்டு 21 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. லென்ஸைத் துடைத்துப் பயனில்லை; அலை விரிந்துவிட்டது.

## ஹபிள்: நடுப்பகுதி கூர்மை, சுற்றிலும் புகை

ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். ஹபிளைவிட 6 சென்டிமீட்டர்தான் குறைவு. விளிம்பு விளைவை மட்டும் கணக்கிட்டால் இரண்டின் பரவலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தரையில் உள்ள தொலைநோக்கி காற்று மண்டலத்தின் வழியாகப் பார்க்கிறது. வெயில் நேரத்துத் தார்ச்சாலைக்கு மேலே காட்சி நெளிவதைப் போல, நட்சத்திர ஒளியும் காற்றில் நெளிந்து ஒரு விகலைக்கும் மேலாகப் பரவிவிடும். 0.06 எங்கே, ஒன்று எங்கே! பரவல் என்பது லென்ஸின் தனிச்சொத்தாக இருப்பதில்லை. காற்று, ஆடி, உணரி, கை நடுக்கம் என்று ஒளி கடந்து வரும் வழியில் உள்ள அனைத்தும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. காற்றின் பங்கை நீக்கவே ஹபிளை விண்ணுக்கு அனுப்பினார்கள்.

1990 ஏப்ரலில் அது ஏவப்பட்டது. இரண்டே மாதங்களில் ஆடியில் பிழை இருப்பது உறுதியானது. ஆடியை மெருகேற்றும்போது அதன் வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அதை நம்பி மெருகேற்றியதால் ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அதனால் ஆடியின் நடுவில் பட்ட ஒளி ஓரிடத்திலும், விளிம்பில் பட்ட ஒளி வேறிடத்திலும் குவிந்தன. இந்தக் குறைக்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர்.

விளைவை எண்களில் பாருங்கள். ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் 70 சதவீதம் 0.1 விகலை ஆரத்துக்குள் விழ வேண்டும் என்பது திட்டம். விழுந்தது சுமார் 15 சதவீதம். மீதி, ஒரு விகலைக்கும் மேலாக விரிந்த புகைமூட்டமாக நட்சத்திரத்தைச் சூழ்ந்துகொண்டது.

பரவலின் வடிவம் முக்கியம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். அந்த 15 சதவீத நடுப்பகுதி கூர்மையாகவே இருந்தது. ஆகவே பிரகாசமான, அருகருகே உள்ள பொருள்களை ஹபிள் அப்போதும் பிரித்துக் காட்டியது. புளூட்டோவையும் அதன் துணைக்கோள் சாரோனையும் 1990-லேயே தனித்தனியாகப் படம்பிடித்தது. ஆனால் ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலான ஒன்று இருந்தால், அது புகைமூட்டத்தில் மூழ்கிவிடும். ‘பிரிதிறன் இத்தனை விகலை’ என்ற ஒற்றை எண் இதைச் சொல்லாது. நடுப்பகுதியின் அகலத்தையும், சுற்றிலும் எவ்வளவு ஒளி கசிந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் ஐந்து முறை விண்ணில் மிதந்து பணியாற்றித் திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஆடியின் பிழை ஒழுங்கானதாகவும், அளவு துல்லியமாகத் தெரிந்ததாகவும் இருந்தது. அதே பிழையை நேரெதிராகக் கொண்ட சிறு ஆடிகள் ஒளியின் பாதையில் வைக்கப்பட்டன. கண்ணுக்குக் கண்ணாடி போட்ட கதைதான்.

## மங்கலைத் திரும்ப எடுக்க முடியுமா?

அந்த மூன்றரை ஆண்டுகளில் வானியலாளர்கள் கைகட்டி இருக்கவில்லை. முத்திரையின் வடிவம் தெரியும், இறுதிப் படம் கையில் இருக்கிறது என்றால், முத்திரை குத்துவதற்கு முன்பிருந்த காட்சியைக் கணக்கிட்டுப் பார்க்கலாமே? கன்வல்யூஷனைத் திருப்பிச் செய்யும் இந்த வழிக்கு டிகன்வல்யூஷன் என்று பெயர். 1972-ல் ரிச்சர்ட்சனும் 1974-ல் லூசியும் தனித்தனியாக வெளியிட்ட முறை ஹபிள் படங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. காட்சியை ஊகித்து, அதன் மேல் முத்திரையைக் குத்தி, கிடைத்த படத்தோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்தி, மறுபடியும் குத்திப் பார்ப்பதுதான் அந்த முறை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. சிவப்பும் வெள்ளையும் பொடிக் கட்டங்களாக நெய்த துண்டைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரியும். கட்டங்களைப் பற்றிய செய்தி கண்ணுக்கு வந்து சேரவே இல்லை. வராததைக் கணக்குப் போட்டு மீட்க முடியாது. வந்தும் மங்கலாகிப்போன விவரத்தைத்தான் தூக்கி நிறுத்தலாம். அப்படித் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து எழும். அளவு மீறினால் வெறும் கரகரப்பே நட்சத்திரக் கூட்டம் போல வேடம் போடும். திரைப்படங்களில் காவல்துறையினர் கண்காணிப்புக் கேமராப் படத்தில் நான்கு பிக்சலைப் பெரிதாக்கி வண்டி எண்ணைப் படிக்கும் காட்சி நடவாத ஒன்று. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த இடத்தில் ‘இருக்கக்கூடிய’ எழுத்துகளை வரைந்து தரும். அவை படத்திலிருந்து வந்தவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல அது சான்றாகாது.

## நுண்ணோக்கியில் ஒரு திருப்பம்

நுண்ணோக்கியிலும் விதி அதேதான். ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1873-ல் அந்த எல்லையைச் சொன்னார். லென்ஸ் எவ்வளவு அகன்ற கூம்பாக ஒளியைத் திரட்டுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை எண்ணியல் துளை என்பார்கள். எண்ணெய்த் துளியில் தோய்த்துப் பயன்படுத்தும் மிகச் சிறந்த லென்ஸ்களில் அது 1.4 அளவில் இருக்கும். பச்சை ஒளியில் ராலே கணக்குப்படி சுமார் 230 நானோமீட்டருக்கும் நெருக்கமானவை ஒன்றாகிவிடும். ஆழத்தின் திசையில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே பரவல் மூன்று மடங்குக்கும் மேலாக நீண்டு, அரிசிமணி போல நிற்கும். அதனால்தான் முப்பரிமாணப் படங்களில் உருண்டையான பொருள்கூட நிமிர்த்தி வைத்த முட்டை போலத் தெரிகிறது.

ஆய்வகங்களில் பரவலை அளக்கும் முறை எளிமையானது. 100 நானோமீட்டர் அளவுள்ள ஒளிரும் மணிகளைக் கண்ணாடித் தகட்டில் தூவிப் படமெடுப்பார்கள். மணி பரவலைவிடச் சிறியது என்பதால், படத்தில் தெரிவது ஏறக்குறைய கருவியின் முத்திரை மட்டுமே.

திருப்பம் இனிதான். ஈரத் தரையில் ஊறிய கோலப் புள்ளி ஒற்றையாக இருந்தால், அது எவ்வளவு விரிந்திருந்தாலும் அதன் நடுவில் விரலை வைத்துவிடலாம். பரவலின் அகலம் வேறு, அதன் நடுவைக் கண்டறியும் துல்லியம் வேறு. ஒளிரும் ஒரு மூலக்கூற்றிலிருந்து 100 ஃபோட்டான்கள் வந்தால், மற்ற பிழைகள் இல்லாதபோது, ஒரே ஒரு ஃபோட்டான் வந்தபோது இருந்ததைவிடத் துல்லியம் பத்து மடங்கு கூடும். 10,000 வந்தால் நூறு மடங்கு. ஃபோட்டான் என்பது ஒளியின் ஒரு துகள். எல்லா மூலக்கூறுகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால்தான் சிக்கல். எனவே ஆய்வாளர்கள் ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டும் ஒளிரவைத்து, அவற்றின் நடுவைக் குறித்துக்கொண்டு, அணைத்துவிட்டு, அடுத்த சிலவற்றை எழுப்பினார்கள். ஆயிரக்கணக்கான படங்களின் குறிகளைச் சேர்த்தால் அபேயின் எல்லைக்குக் கீழே உள்ள விவரம் தெரிகிறது. ஸ்டெஃபான் ஹெல் வேறு வழியில் போனார்: வளையம் போன்ற இரண்டாவது ஒளிக்கற்றையால் ஓரங்களில் ஒளிர்வதை அடக்கி, பரவலையே சுருக்கினார். இந்த வழிகளை உருவாக்கியதற்காக எரிக் பெட்சிக், ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

## பதினெட்டுப் புள்ளிகள்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர் அகலமுள்ளது. 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. ஹபிளைவிட அவ்வளவு பெரிதாக இருந்தும், 2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் அதன் எய்ரி வட்டின் ஆரம் சுமார் 0.08 விகலை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்க்கும் ஹபிளின் வட்டைவிட அது பெரிது. அலைநீளம் கூடினால் வட்டு பெருக்கும் என்ற விதி இங்கே தன் வேலையைக் காட்டுகிறது.

2022 பிப்ரவரியில் அது சப்தரிஷி மண்டலத்தில் உள்ள ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தது. படத்தில் 18 புள்ளிகள் சிதறிக் கிடந்தன, ஆடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக. பொறியாளர்கள் ஒவ்வொரு துண்டையும் சற்றே சாய்த்து, நகர்த்தி, எந்தப் புள்ளி எந்தத் துண்டுடையது என்று அடையாளம் கண்டு, முதலில் அவற்றை அறுகோணமாக அடுக்கினார்கள். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். பிறகு ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய அளவுகளில் துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி, 18 ஆடிகளும் ஒரே ஆடியாக நடந்துகொள்ளும்படி செய்தார்கள். மார்ச் மாதம் வெளியான படத்தில் மற்றொரு நட்சத்திரம் கூரான கதிர்களோடு நின்றது. அந்தக் கதிர்கள் நட்சத்திரத்தில் இருப்பவை அல்ல. அறுகோண ஆடிகளின் விளிம்புகளும் தாங்கு கம்பிகளும் குத்திய முத்திரை அது. சோதனைக்காக எடுத்த அந்தப் படத்தில், நட்சத்திரத்தைச் சுற்றிலும் பின்னணியில், யாரும் குறிவைத்துப் பார்க்காத நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.